ராயப்பன் ஏட்டு காட்டிய இடது கன்னம்

சேசு மரி சூசை துணை

குருபரப்பள்ளி,
12-6-1957

மேற்றிராணியார் மனையில் தலைமைச் சமையல் உத்தியோகம் வகிக்கும் என் அன்புள்ள தம்பி சின்னப்பனுக்கு, உன் அண்ணனும் ஓய்வுபெற்ற ஏட்டு நம்பர் 412-மான ராயப்பன் சர்வேசுரனைத் தோத்திரம் செய்து எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அண்ணி பவுலினாவும் இரண்டு எருமைகளும் தேவ கிருபையால் சுகம். அங்கே உன் சுகத்துக்கும், உன் கைச் சமையலைச் சாப்பிடும் மேற்றிராணியாரின் சுகத்துக்கும் பதில் எழுதவும்.

தம்பி, விஷயம் ஒன்றுதான். நம் அருள்செல்விக்கு இது ஒன்பதாம் மாதம். தலைப்பிரசவம். ஊரில் எல்லாப் பெண்களும் ஏழாம் மாதமே தாய் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். நம் பெண் மட்டும் சூளகிரியில் புருஷன் வீட்டிலேயே இருக்கிறாள். நான் மாப்பிள்ளை மைக்கேல்ராஜிடம் மன்னிப்புக் கேட்டால்தான் வருவாளாம். நான் கேட்கமாட்டேன். நியாயம் முழுக்க என் பக்கம் இருக்கிறது என்பதை இந்தக் கடிதத்தை முடிப்பதற்குள் நீயே ஒப்புக்கொள்வாய். நீ ஒப்புக்கொண்டதும் மேற்றிராணியாரும் ஒப்புக்கொள்வார், பிஷப்பான அவரே ஒப்புக்கொண்டதும் எங்கள் பங்குச் சாமியார் வாயை மூடிக்கொள்வார், பெண்ணும் வீட்டுக்கு வந்துவிடுவாள். ஆகவே பொறுமையாக வாசி. அடுப்பில் ஏதாவது இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வாசி.

நடந்தது பெரிய வெள்ளிக்கிழமை. எங்கள் பங்குச் சாமியார் பிரெஞ்சுக்காரர், முப்பது வயதுகூட இருக்காது, புத்தகத்தில் படித்த தமிழ்தான் பேசுவார். அன்று பிரசங்கத்தில், ஆண்டவரைப் பிடிக்க வந்தவனின் காதை ஆண்டவரின் முதல் சீஷரான அர்ச்சியசிஷ்ட ராயப்பர் வாளால் வெட்டியதையும், ஆண்டவர் அந்த வாளை உறையில் போடச் சொன்னதையும் விளக்கி, கிறிஸ்தவன் கை ஓங்கலாகாது என்று முடித்தார். என் பேர்கொண்ட அர்ச்சியசிஷ்டவரைப் பற்றி ஒருவர் அப்படிப் பேசினால் எனக்கு எப்படி இருக்கும்? கோயிலை விட்டு வெளியே வந்து, வேப்பமரத்தடியில் நின்று நாலு பேருக்கு விளக்கம் சொன்னேன். உறையில் போடு என்றாரே தவிர, தூக்கி எறி என்றா சொன்னார்? உத்தரவு வரும்வரை உறையில் இருக்கட்டும் என்றுதான் அர்த்தம், எங்கள் டிபார்ட்மெண்டிலும் அதே சட்டம்தான் என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். மாப்பிள்ளை மட்டும் ஆட்டவில்லை. பள்ளிக்கூட வாத்தியார் அல்லவா, தப்புத் திருத்தாமல் அவரால் இருக்க முடியாது. "அப்பிடின்னா மாமா, நாப்பத்திரண்டு போராட்டத்துல சந்தையில ஜனங்களைத் தடியால அடிச்சீங்களே, அது பாவமில்லியா?" என்று கேட்டார். "அது உத்தரவு மாப்ளே. உத்தரவுல அடிச்சா அடிச்சவனுக்குப் பாவமில்ல" என்றேன். "உத்தரவு யாரு குடுத்தது, மோட்சத்துலருந்து சம்மனசு வந்தா?" என்றார். அவ்வளவுதான். நான் முரடன் அல்ல என்று அவருக்குப் புரியவைப்பதற்குள் என் கை அவர் கன்னத்தில் இருந்தது. என் ஆயுளில் உத்தரவு இல்லாமல் நான் அடித்த ஒரே அடி அதுதான். அதுவும் பெரிய வெள்ளிக்கிழமை, கோயில் வாசலில், சொந்த மாப்பிள்ளையை.

உயிர்த்த ஞாயிறுக்கு மறுநாள் சாமியார் பங்களாவுக்குக் கூப்பிட்டார். "ராயப்பனே, எல்லாரும் காண அடித்தீர். எல்லாரும் காண மன்னிப்புக் கேளும். அதுவரைக்கும் தேவ நற்கருணை வாங்க வரவேண்டாம்" என்றார். உத்தரவை எழுத்தில் கொடுங்கள் சுவாமி என்றேன். கொடுக்கமாட்டேன் என்றார். உனக்கே தெரியும், மேலதிகாரி உத்தரவை நான் ஒருநாளும் மீறியவன் அல்ல. வீட்டுக்கு வந்து நிதானமாக யோசித்தேன். சாமியார் மன்னிப்புக் கேட்கச் சொல்கிறார். ஆண்டவரோ மறு கன்னத்தைக் காட்டச் சொல்லியிருக்கிறார். சாமியார் சப்-இன்ஸ்பெக்டர் என்றால் ஆண்டவர் யார் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு உத்தரவு வந்தால் பெரியவர் உத்தரவுதான் செல்லும். ஆகவே கன்னத்தைக் காட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். உன் அண்ணியிடம் சொன்னபோது அவள் மாவாட்டிக்கொண்டே, "அடி வாங்குனவங்கதான் மறு கன்னத்தைக் காட்டணும். அடிச்சவரு காட்டணும்னு எந்த வேதத்துல இருக்குது?" என்று கேட்டாள். பெண்களுக்குச் சட்ட நுணுக்கம் புரியாது என்று விட்டுவிட்டேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் அதே வேப்பமரத்தடியில் காக்கிச் சட்டை போட்டு, பெல்ட்டை இறுக்கி, அட்டென்ஷனில் நின்றேன். இடது கன்னத்தைத் திருப்பி, "மாப்ளே, வாங்க, வந்து அடிங்க. பலமாவே அடிங்க" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கையைக் கூப்பினார். "நான் மன்னிச்சுட்டன் மாமா" என்று சிரித்துவிட்டு, பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறப் போய்விட்டார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஏழு ஞாயிறு! ஏழு ஞாயிறும் நான் நின்றேன், ஏழு ஞாயிறும் அவர் மன்னித்தார். கேட்காமலே மன்னித்தால் மனுஷன் என்னதான் செய்வான்? இப்போது பங்கு முழுக்க அவர்தான் புண்ணியவான், அவர்தான் அர்ச்சியசிஷ்டவர். பதினோரு வருஷமாக ராயப்பர் சின்னப்பர் திருநாளுக்குக் கொடிக்கயிறு பிடித்தவன் நான். இந்த வருஷம் கயிறு வாத்தியாருக்கு என்று பேசிக்கொள்கிறார்கள். வேடிக்கை பார்க்க வேறு சாதி சனமெல்லாம் வருகிறது. பஸ் நிற்கும் இடத்தில் சோடாக்கடை வைத்திருக்கும் கரியப்பன், அவனுக்கும் எங்கள் கோயிலுக்கும் என்ன சம்பந்தம், போன ஞாயிறு முன்னால் வந்து நின்று, "ஏட்டய்யா, வாத்தியாரு அடிக்கலைன்னா நான் அடிக்கட்டுங்களா? நாப்பத்திரண்டுல சந்தையில உங்க தடியால ஒண்ணு வாங்கியிருக்கறன். இந்தத் தோளு இன்னும் முழுசா மேல வராதுங்க" என்றான். கூட்டம் சிரித்தது. அது டிபார்ட்மெண்ட் அடி, எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, மனுக் கொடுப்பதானால் கலெக்டருக்குக் கொடு என்று சொல்லி அவனை அனுப்பினேன். இதையெல்லாம் பங்களா வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த சாமியார், "ராயப்பனே, நீர் கன்னத்தைக் கொடுக்கிறீர். நான் கேட்டது உம்முடைய வாயை" என்றார். கோயிலுக்கு உழைத்த மனிதனிடம் பேசுகிற பேச்சா இது?

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. அன்றைக்கு அருள்செல்வி என் பக்கத்தில் வந்து நின்றாள். கால் இரண்டும் வீங்கியிருக்கிறது, செருப்புக்கூடப் போடமுடியவில்லை. "அப்பா, அடி வாங்குறது உங்களுக்குச் சுளுவு. ஒரு வார்த்த கேக்கறதுதான் கஷ்டம். எனக்கு அந்த வார்த்ததான் வேணும்" என்றாள். அவளுக்காகப் பின் அறைக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறேன், புதுக் கயிற்றுக் கட்டில் போட்டிருக்கிறேன், மருத்துவச்சி செல்லியிடம் இரண்டு தரம் சொல்லி வைத்திருக்கிறேன். தினமும் ஒருமுறை அந்த அறையைத் திறந்து பார்த்துவிட்டு மூடுகிறேன். எதற்கென்று கேட்காதே. பெண் இல்லாமல் வீடு நன்றாகவே இல்லை. ஆனால் அந்த வார்த்தை என் வாயில் வராது தம்பி. இருபத்தெட்டு வருஷம் மற்றவர்களைக் கேட்கவைத்துத்தான் எனக்குப் பழக்கம். ஒருமுறை வாயைத் திறந்து கேட்டுவிட்டால், அப்புறம் அது எங்கே போய் நிற்கும் என்று யாருக்குத் தெரியும்?

ஆகவே நீ செய்ய வேண்டியது இது. மத்தியானச் சாப்பாட்டில் சூப்பின் முதல் கரண்டி உள்ளே போனதும் மேற்றிராணியார் முகம் மலரும் என்று நீயே எழுதியிருக்கிறாய். அந்தச் சமயம் பார்த்து என் விண்ணப்பத்தைச் சொல். மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாக வேறு எந்தத் தண்டனையானாலும் எனக்குச் சம்மதம். நாற்பது நாள் கேழ்வரகுக் கூழ் மட்டும் குடிக்கிறேன், தினம் மூன்று தரம் ஜெபமாலை உருட்டி ஐம்பத்துமூன்று மணி ஜெபம் சொல்கிறேன், ஒரு வருஷம் கோயிலைக் கூட்டுகிறேன், கிருஷ்ணகிரி வரைக்கும் முழங்காலில் போகச் சொன்னாலும் போகிறேன். மன்னிப்பு ஒன்றை மட்டும் தள்ளிவிடும்படி ஒரு வரி எழுதி, முத்திரை போட்டு, எங்கள் சாமியாருக்கு அனுப்பச் சொல். மறுக்கமாட்டார், எனக்கு நிச்சயம். இதோடு பஸ்ஸில் ஒரு கூடை செந்தூரா மாம்பழம் வருகிறது. மேலே இருப்பவை மேற்றிராணியாருக்கு, அடியில் இருப்பவை உனக்கு. லஞ்சம் என்று நினைக்க வேண்டாம். மாம்பழம் லஞ்சத்தில் சேராது என்பது என் சர்வீஸ் அனுபவம்.

மேற்றிராணியாரின் மோதிரத்தை என் சார்பாகவும் ஒருமுறை உதட்டில் ஒற்றி முத்தி செய்யவும். திருக்குடும்பம் உன்னையும் உன் அடுப்பையும் காப்பதாக.

இப்படிக்கு,
யாருக்கும் தலைவணங்காத, ஆனால் திருச்சபைக்கு முற்றிலும் கீழ்ப்படிந்த உன் அண்ணன்,
ராயப்பன்

பின்குறிப்பு: இதைக் கரியப்பனின் சோடாக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, அவனிடமே வாங்கிய பென்சிலால் எழுதுகிறேன். கடிதத்தைத் தபால் பெட்டியில் போடவும் கூடையைப் பஸ்ஸில் ஏற்றவும்தான் வந்தேன். ஓசூரிலிருந்து சூளகிரி வழியாக வரும் பஸ் நின்றது. அருள்செல்வி இறங்கினாள், பின்னாலேயே தகரப் பெட்டியோடு மாப்பிள்ளை. "வலி கண்டா எங்க வீட்டுல பாக்க பொம்பளை இல்ல மாமா. அதான் கூட்டியாந்தன். உங்களுக்காக இல்ல" என்றார். நான் பெட்டியின் ஒரு பிடியைப் பிடித்தேன். அவர் மறு பிடியை விடவில்லை. நான் இழுக்க, அவர் இழுக்க, கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு பார்க்க, அருள்செல்வி என் தோளைப் பிடித்துக்கொண்டு "அப்பா" என்றாள். "என்னை மன்னிச்சுடுங்க மாப்ளே" என்று யாரோ சொன்னார்கள். நான்தான். பஸ் முழுக்கக் கேட்டது. மாப்பிள்ளை பெட்டியை விட்டுவிட்டார். அது என் கால்மேல் விழுந்தது. அவர் கண் கலங்கி, "மாமா, ஏழு ஞாயித்துக்கெழமையும் நான் மன்னிக்கவே இல்ல. வாயாலதான் சொன்னன். நீங்க தவிக்கறதைப் பாக்க நல்லாயிருந்துது. இப்பத்தான் நெசமா மன்னிக்கறன்" என்றார். அர்ச்சியசிஷ்டவரின் லட்சணத்தைப் பார்த்தாயா! எனக்கு எவ்வளவு நிம்மதி என்று எழுதி முடியாது. சனிக்கிழமை இருவரும் சேர்ந்து, அவரவர் பாவத்தைச் சாமியாரிடம் சொல்ல, பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறோம். அவர் எனக்கு முன்னால் நிற்கட்டும்.

ஆகவே மேலே எழுதிய எதையும் மேற்றிராணியாரிடம் சொல்லாதே. கூடையும் வராது. அருள்செல்வி அதை அவிழ்த்து இப்போது மூன்றாவது பழத்தில் இருக்கிறாள். ஞானஸ்நான விருந்துக்கு நீதான் சமைக்க வேண்டும், இப்போதே லீவு சொல்லி வை.

ஆனால் தம்பி, நான் பயந்தபடியே ஆகிவிட்டது. அந்த வார்த்தை ஒன்றோடு நிற்கமாட்டேன் என்கிறது. எங்களுக்குச் சோடா எடுக்க, மேல் தட்டுக்குக் கை எட்டாமல், கரியப்பன் முக்காலிமேல் ஏறி இடது கையால் துழாவிக்கொண்டிருக்கிறான். வலது தோள் மேலே வரவில்லை. எழுதிக்கொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உத்தரவு கொடுத்த துரை சீமைக்குப் போய்விட்டார். அடித்த கை இங்கேதான் இருக்கிறது. பென்சிலைத் திருப்பிக் கொடுக்கும்போது அவனிடமும் கேட்கப் போகிறேன். மன்னிப்பானோ, கன்னத்தில் ஒன்று வைப்பானோ, அது அவன் இஷ்டம். அவன் பேராவது எனக்குத் தெரியும். சந்தையில் என் தடியால் அடி வாங்கிய மற்றவர்கள் பேர் ஒன்றும் தெரியாது, அன்றைக்கு நான் கேட்டதில்லை. பேர் தெரியாதவர்களிடம் மன்னிப்புக் கேட்பது எப்படி என்று, இதை மட்டும் மேற்றிராணியாரிடம் கேட்டு எழுது. சூப் வைக்கும்போது வேண்டாம். அவர் சாப்பிட்டு முடிக்கட்டும்.