நிரந்தரப் பழுது

உலகில் எத்தனையோ தவங்கள் உண்டு. ஒரே குழாயை ஒரே இடத்தில் நின்று தொண்ணூறு நாள் படமெடுப்பது அவற்றுள் தலையாயது. அது எனக்கு வாய்த்ததற்கு நானே காரணம். திரேஸ்புரத்துக் கடலை முழுசாகச் செல்போனுக்குள் அடக்க ஸ்கூட்டரைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தினேன். கடல் அடங்கியது. தெருக்குழாய் உடைந்தது.

நான் வேலை பார்க்கும் மாநகராட்சிக் குடிநீர் அலுவலகம் மின்னலாய்ச் செயல்பட்டது. வால்வை அடைத்தார்கள். கசிவு நின்றது, தண்ணீரும்தான்.

பொறியாளர் நேசக்குமார் விதியை விளக்கினார்: "தொண்ணூறு நாளும் ஒரே மாதிரி ஒடஞ்சிருந்தாத்தான் அது 'நிரந்தரப் பழுது'. அப்பதான் புதுக் குழாய். படத்துல ஒரு துரும்பு மாறுனாலும் மறுபடி ஒண்ணாம் நாள். உடைச்சவரு நீரு, நீரே எடும்."

குழாய் தனியாக நிற்பது பார்க்கப் பாவமாக இருந்தது. 'மக்கள் பயன்பாடு' தெரியட்டும் என்று தெருப்பெண்களைக் குடங்களை வரிசையாக வைக்கச் சொன்னேன். பதினோரு குடங்கள். முதலாவது, கருவாடு விற்கும் எமில்டா அக்காவின் பச்சைக் குடம். இனி யாரும் அசைக்கக் கூடாது என்றும் கண்டிப்பாகச் சொல்லிவைத்தேன்.

இருபத்தாறாம் நாள் நேசக்குமார் படத்தை உற்றுப் பார்த்தார்.

"என்ன வே, ஆடு நிக்குது?"

"அதுவா வந்துட்டு சார்."

"தண்ணி குடிக்க வந்திருக்கும்பான் ஆடிட்டுல. குழாய் வேல செய்யுதுன்னு ஆயிரும். ஒண்ணுல இருந்து எடும்."

எடுத்தேன். நாற்பதாம் நாள், தூத்துக்குடிக்கே அதிசயமாக, மழை பெய்தது.

"குடத்துல தண்ணி கெடக்கே?"

"மழைத் தண்ணி சார்."

"தண்ணியில எழுதியா இருக்கு?"

மூன்றாம் சுற்றில் எனக்கு ஞானம் பிறந்தது. பச்சைக் குடம் வெயிலில் மெல்ல மெல்ல வெளுத்தது. அதில் நான் காலத்தையே கண்டேன். நல்லவேளை, நேசக்குமார் காணவில்லை. படங்களை அலுவலக வாசலில் 'காத்திருக்கும் நம்பிக்கை' என்று வரிசையாக மாட்டினோம். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

எண்பத்தொன்பதாம் நாள். எமில்டா அக்கா தலையில் தேக்சாவோடு வந்தாள். தளும்பிய தண்ணீர் சேலை முழுக்க வழிந்திருந்தது. நெகிழ்ந்துபோய்க் கேட்டேன்:

"சொட்டுத் தண்ணி வராத குழாய்ல இத்தன மாசமா குடத்த எடுக்காம வச்சிருக்கியளே அக்கா, எப்படி இவ்வளவு நம்பிக்கை?"

அவள் தேக்சாவை இறக்கவில்லை.

"நம்பிக்கையாவது ஒண்ணாவது. அசைக்காதீங்கன்னு நீருதான சொன்னீரு. ரெண்டு தெரு தள்ளி லாரித் தண்ணி வருது தம்பி. பிடிக்க வீட்டுல குடம் இல்ல. சோறு பொங்குத தேக்சாவுல சொமக்கேன்."