கருமாதிச் சர்க்கரை

"சர்க்கரை கொண்டாங்க, லட்டு பிடிச்சுத் தாரேன். சர்க்கரை இல்லாமத்தான் லட்டு வேணும்னா கடலை மாவை உருட்டிக் குடுக்கணும்" என்றார் மதுரை மேலமாசி வீதி மிட்டாய்க் கடைக்காரர்.

கருத்தக்கண்ணன் வாத்தியார் இதை எதிர்பார்த்துத்தான் வந்திருந்தார். எதையும் கெட்டதாகவே எதிர்பார்ப்பது அவருடைய சுபாவம். பஸ் ஏறும்போதே வழியில் நின்றுபோகும் என்பார். பல நாள் நின்றும் போயிருக்கிறது. எழுபத்து நாலாம் வருஷம் சர்க்கரைக்கு வந்த பஞ்சம் அவருக்கு மட்டும் ஆச்சரியம் தரவில்லை.

பக்கத்தில் நின்ற ஐரீன் டீச்சர்தான் நம்பாமல் பார்த்தார். ஸ்காட்லாந்திலிருந்து ஒரு வருஷத்துக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க ஒத்தக்கடைப் பக்கத்து மிஷன் பள்ளிக்கூடத்துக்கு வந்தவர். தமிழைப் புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொண்டதால், அவர் பேசினால் ரேடியோவில் செய்தி வாசிப்பது போலிருக்கும்.

"நான் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். ஒவ்வொருவருக்கும் இரண்டு லட்டுகள். சனிக்கிழமை. இதை மாற்ற முடியாது" என்றார்.

"பொரிகடலை வாங்கிரலாம் மிஸ். உடம்புக்கும் நல்லது."

"லட்டு" என்றார் டீச்சர்.

அத்தோடு அன்றைய பேச்சு முடிந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் டீச்சர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். வெயிலில் தலை வலிக்கிறதுபோல என்று வாத்தியார் நினைத்துக்கொண்டார்.

கிறிஸ்துமஸ் விருந்துச் சாமான் வாங்கும் பொறுப்பை ஹெட்மாஸ்டர் வாத்தியார் தலையில் கட்டியதற்குக் காரணம் இருந்தது. கருத்தக்கண்ணன் தற்காலிக வாத்தியார். ஒவ்வொரு மார்ச் மாதமும் நிரந்தரமாகிவிடும் என்பார்கள், ஏப்ரலில் மறந்துவிடுவார்கள். இந்த மார்ச்சில் கட்டாயம் என்று ஹெட்மாஸ்டர் வாக்குக் கொடுத்திருந்தார். கூடவே, "விருந்து நல்லபடியா நடக்கணும். ஒரு கறுப்புப் புள்ளி விழுந்தாலும் என்னால ஒண்ணும் செய்ய முடியாது" என்றும் சொல்லியிருந்தார். வீட்டில் மனைவி மாயக்காள் அந்த மார்ச்சை நம்பித்தான் மகள் கல்யாணத்தைப் பற்றியே பேச்செடுத்திருந்தாள்.

மறுநாள் வாத்தியார் தனியாக, சர்க்கரைக்கு பெர்மிட் எழுதும் சப்ளை ஆபீசுக்குப் போனார். குமாஸ்தா காசிமாயன் மேஜைக்குப் பின்னால் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன விசேஷத்துக்குச் சர்க்கரை?"

"பள்ளிக்கூடத்துல கிறிஸ்துமஸ் விருந்து."

"அதுக்கெல்லாம் இல்ல. கல்யாணத்துக்கு உண்டு, கருமாதிக்கு உண்டு. ரெண்டுல எதுன்னு சொல்லுங்க."

"ரெண்டும் இல்லீங்க."

"நீங்க எந்த ஊரு?"

"எழுமலை."

காசிமாயன் காலைக் கீழே இறக்கினார். "அட, நமக்கு உசிலம்பட்டி. அப்ப நீங்க மாப்ள முறையாச்சே. மாப்ள, சட்டத்தை மீறி நான் எழுத முடியாது. ஆனா நீங்க ஒரு கல்யாணமோ சாவோ சொல்லிட்டா எழுதித்தான் ஆகணும். கல்யாணம்னா பத்திரிகை வைக்கணும். சாவுக்கு யாரும் பத்திரிகை அடிக்கிறதில்ல, அதனால கேக்க மாட்டோம்."

வாத்தியார் யோசித்தார். யாரைச் சாகடிப்பது? எழுமலையில் அப்பாவுக்கு இழுப்பு. சொன்ன வாய் பலித்துவிட்டால் காலத்துக்கும் நிம்மதி இருக்காது. மாமனாரைச் சொல்ல ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் மாயக்காளுக்குத் தெரிந்தால் இவருக்குக் கருமாதி நடக்கும். உள்ளூரில் யாரைச் சொன்னாலும் காசிமாயனுக்கு ஏதாவது ஒரு முறையில் சொந்தமாக இருப்பார்கள். கடல் தாண்டி இருக்கிற ஆளாக இருந்தால் வாயும் பலிக்காது, விசாரிக்கவும் முடியாது என்று அவர் புத்தி சொன்னது.

"எங்க பள்ளிக்கூடத்து வெள்ளைக்கார டீச்சரோட அப்பா" என்றார்.

காசிமாயன் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். முகம் மாறிவிட்டது.

"எப்ப?"

"இப்பத்தான்... நாலஞ்சு நாளாச்சு."

"கல்யாணமாகாத பிள்ளை, தன்னந்தனியா இங்க வந்து கெடக்கு. பெத்த தகப்பன் மொகத்தைக்கூடப் பாக்க முடியாமப் போச்சே." சரசரவென்று பெர்மிட் எழுதி முத்திரை குத்தினார். "எம் பொஞ்சாதிக்கு ஒத்தக்கடைதான் மாப்ள. இன்னைக்கே சொல்லிவிடுறேன்."

"வேணாம் மாமா. அந்தம்மா யாருக்கும் தெரிய வேணாம்னு..."

"அப்படி விட முடியுமா? கேதம்னு காதுல விழுந்தப்புறம் போய்க் கேக்காட்டி நாம என்ன மனுசங்க?"

சர்க்கரை கீழமாசி வீதியிலிருந்து மேலமாசி வீதிக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே சாவுச் செய்தி ஒத்தக்கடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

மறுநாள் காலை வாத்தியார் பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது கேட்டுக்கு வெளியே கூட்டம் நின்றது. முன்னால் சீனியம்மாள். ஆறாம் வகுப்பில் படிக்கும் சோணையின் அம்மா. ஊரில் எந்தச் சாவானாலும் முதல் அழுகை அவளுடையது. கூந்தலை அவிழ்த்துப் போட்டுத் தயாராக நின்றாள்.

"டீச்சர் எங்க சார்?"

வாத்தியார் அவளை மறித்து நின்றார். "சீனியம்மா, அவுக ஊருல சத்தம் போட்டு அழுகுற வழக்கம் இல்ல."

"அழுகாம மனசுல இருக்கிறது எப்படி சார் எறங்கும்?"

"அதெல்லாம் நமக்கெதுக்கு? பேசாமக் கையை மட்டும் தொட்டுட்டுப் போயிருங்க. ஒரு வார்த்தை பேசக் கூடாது."

சீனியம்மாள் மனசில்லாமல் கூந்தலை முடிந்துகொண்டாள்.

வகுப்பு வாசலில் நின்ற ஐரீன் டீச்சரை நோக்கி ஊர் வரிசையாக நகர்ந்தது. ஆம்பிளைகள் தோள்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கையையும் நீட்டித் தொட்டுவிட்டுத் தலைகுனிந்து போனார்கள். பெண்கள் கையைப் பிடித்துக் கொஞ்ச நேரம் நின்றார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. டீச்சர் முதலில் திகைத்தார். பிறகு ஒவ்வொருவர் முகத்தையும் உற்றுப் பார்க்க ஆரம்பித்தார். கடைசியில் வாத்தியார் பக்கம் திரும்பினார்.

"கிறிஸ்துமஸ் வருதில்ல மிஸ், இந்தப் பக்கத்துல இது ஒரு வழக்கம்" என்று வாத்தியார் தமக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னார். சொல்லும்போதே தன்மேல் வெறுப்பாக இருந்தது.

டீச்சர் அவரையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல வழக்கம்" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குள் போனார்.

தப்பித்தோம் என்று மற்றவர்களாக இருந்தால் நினைத்திருப்பார்கள். கருத்தக்கண்ணன் நினைக்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் லட்டுக் கூடைகள் பஸ்ஸின் மேல் ஏறி வந்து இறங்கியபோது சீனியம்மாள் நாலு பெண்களோடு வந்து நின்றாள்.

"சார், நாளைக்கி எம் பையனை அனுப்ப மாட்டேன். யாரும் அனுப்பப் போறதில்ல."

"ஏன்?"

"கருமாதி முடியாத கேதத்துல பிள்ளைக உக்காந்து லட்டு திங்கலாமா? அந்தத் தாயி வயித்தெரிச்சல் நமக்கெதுக்கு? அவுக பெரிய மனசு பண்ணிக் குடுக்கலாம், நமக்கு அறிவு வேணாமா?"

காலியான ஹாலும் கூடை கூடையாக லட்டும் வாத்தியார் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. ஏன் பிள்ளைகள் வரவில்லை என்று ஹெட்மாஸ்டர் விசாரிப்பார். விசாரித்தால் எல்லாம் வெளியே வந்துவிடும். மார்ச் மாதம் போய்விடும். மகள் கல்யாணமும் போய்விடும்.

"கருமாதியே நாளைக்குத்தான்" என்றார். வாய் தானாகச் சொல்லியது. "அவுக ஊருல பதினாறு நாளெல்லாம் பாக்க மாட்டாக. நாளைக்கி விருந்தே அதுக்குத்தான்."

சீனியம்மாள் நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். "இதை மொதல்லயே சொல்லக் கூடாதா சார்? கோடிச் சேலை எடுக்க வேணாமா? அவுகளுக்கு இங்க ஆரு இருக்கா? நாங்கதான பொறந்த வீடு."

"கோடியெல்லாம் எதுக்கு..."

அவர் சொல்லி முடிப்பதற்குள் அவர்கள் ஜவுளிக் கடை சாத்துவதற்கு முன் பஸ் பிடிக்க ஓடிவிட்டார்கள்.

சனிக்கிழமை ஹால் முழுக்கக் காகித நட்சத்திரமும் பலூனுமாக இருந்தது. ஹெட்மாஸ்டர் பஞ்சுத் தாடி ஒட்டி, சிவப்பு அங்கி மாட்டி, கிறிஸ்துமஸ் தாத்தாவாகக் கதவுக்குப் பின்னால் தயாராக நின்றார். பிள்ளைகள் பாடினார்கள். ஐரீன் டீச்சர் ஆர்மோனியம் வாசித்தார். இரண்டாவது பாட்டு பாதியில் இருக்கும்போது ஊர் உள்ளே வந்தது.

தாம்பாளத்தில் கோடிச் சேலை. இன்னொன்றில் அரிசி, வாழைக்காய், பூசணிக்காய். பின்னால் துண்டை இடுப்பில் கட்டிய ஆம்பிளைகள். அவர்களோடு, லீவு போட்டுவிட்டு வந்த காசிமாயன். ஆம்பிளைகளுக்கு எதிரில் முதலில் அகப்பட்டது கிறிஸ்துமஸ் தாத்தாதான். வரிசையாக அவர் கையைத் தொட்டார்கள்.

"நீங்க பெரிய மனுசன். நீங்கதான் பிள்ளைக்குத் தைரியம் சொல்லணும்" என்றார் ஒருவர்.

ஹெட்மாஸ்டர் தாடியைக் கீழே இறக்கினார். "என்னய்யா இதெல்லாம்?"

"கருமாதியில அழுகலாம்ல சார்?" என்று சீனியம்மாள் வாத்தியாரைக் கேட்டாள். அவர் பதில் சொல்வதற்குள் அவள் கூந்தல் அவிழ்ந்துவிட்டது.

பெண்கள் டீச்சரைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்தார்கள். கோடிச் சேலையை அவர் தோளில் போர்த்தினார்கள். சீனியம்மாள் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குரல் எடுத்தாள். பார்க்கவே பார்க்காத அந்த வெள்ளைக்காரக் கிழவனை, மகள் முகம் பார்க்காமல் போன மகராசனே என்று கூப்பிட்டு அழுதாள். அவள் எப்போதோ பறிகொடுத்த தன் அப்பனுக்கும் சேர்த்துத்தான் அழுதிருக்க வேண்டும்.

டீச்சர் முதலில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். பிறகு தலை மெல்லச் சாய்ந்தது. சீனியம்மாளின் தோளில் முகம் புதைத்து, உடம்பெல்லாம் குலுங்க, சத்தம் போட்டு அழுதார்.

பயந்துபோய் அழுகிறார், அவமானத்தில் அழுகிறார் என்று வாத்தியாருக்குத் தோன்றியது. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிள்ளைகளில் சிலரும் அழுதார்கள். அழுதுகொண்டே லட்டையும் தின்றார்கள்.

ஹெட்மாஸ்டருக்கு விஷயம் தெரிய ரொம்ப நேரம் ஆகவில்லை. "சர்க்கரைக்கு பெர்மிட் எழுதுனதே நான்தான் ஐயா. டீச்சரோட அப்பா தவறிட்டாருன்னு வாத்தியார் சொன்னாரு, அதான் உடனே குடுத்துட்டேன்" என்று காசிமாயனே பெருமையாகச் சொல்லிவிட்டார்.

ஹெட்மாஸ்டர் வாத்தியாரைக் கதவுக்குப் பின்னால் இழுத்தார். தாடி ஒரு காதில் தொங்கியது.

"அந்தம்மாவோட அப்பா போன மாசம்தான் பிள்ளைகளுக்குக் கலர் பென்சில் அனுப்பினாரு. உசுரோட இருக்கிற மனுசனுக்கு மக கண்ணு முன்னாலயே கருமாதி பண்ணிட்டீரே. ஏன்யா, உமக்குப் பிள்ளைகுட்டி இல்லையா?"

ஹெட்மாஸ்டர் தொங்கிய தாடியைப் பிய்த்து எடுத்தார்.

"திங்கக்கிழமை ஆபீசுக்கு வாரும். வேலையைப் பத்தி அப்ப பேசிக்கலாம். அதுக்கு முன்னாடி அந்தம்மாகிட்டப் போயி நீரே உம்ம வாயால சொல்லும்."

வேலை போகட்டும் என்று அப்போது அவருக்கு நிஜமாகவே தோன்றியது. மாயக்காளிடம் எப்படியாவது சொல்லிக்கொள்ளலாம். ஆனால் ஒரு பெண்ணின் தகப்பனைச் சர்க்கரைக்காகச் சாகடித்ததை அந்தப் பெண்ணிடமே எப்படிச் சொல்வது? இங்கிலீஷில் சொன்னால் தப்பாகச் சொல்லிவிடுவோம், தமிழில் சொன்னால் சரியாகப் புரிந்துவிடும் என்று இரண்டுக்கும் பயந்தார்.

சாயங்காலம் டீச்சர் தங்கியிருந்த வீட்டுக்குப் போனார். வாசலில் ராக்கம்மாள் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ஹாஸ்டல் சமையல்காரி, டீச்சருக்கு ராத்துணைக்குப் படுத்துக்கொள்பவளும் அவள்தான். இவரைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தாள்.

"தூங்குறாக. அந்தக் கோடிச் சேலையையே போத்திக்கிட்டுத் தூங்குறாக. இந்த ஒரு வாரத்துல இன்னைக்குத்தான் கண்ணசந்திருக்காக."

"ராக்கம்மா, நான் ஒரு பெரிய தப்புப் பண்ணிட்டேன். அவுக எந்திரிச்சதும்..."

ராக்கம்மாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கமாக நகர்ந்து வந்தாள்.

"நீங்க மதுரைக்கு லட்டு வாங்கப் போனதுக்கு மொத நாளு, சர்ச்சுல இருக்கையிலதான் அவுகளுக்கு அப்பா தவறிட்டாருன்னு தந்தி வந்துச்சு. பிள்ளைக விருந்து கெட்டுப்போயிரும், ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடாதன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிக்கிட்டாக. நானும் இன்னை வரைக்கும் வாயத் தொறக்கல. அப்ப உங்களுக்கு மட்டும் யாரு சார் சொன்னா?"