ஒன்றேகால் அடிக் கதவு

கண்ணெதிரே நிற்கும் சுவரைவிடக் காகிதத்தில் போட்ட சுவர்தான் நிஜம் என்று நம்பும் மனிதர் கொங்கு நாட்டிலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் ஸ்கேல் அண்ணன். காந்திபுரத்தில் நான் வேலை பார்த்த பிளான் ஆபீசில் அவர்தான் படம் வரைபவர். சட்டைப்பையில் பேனா இருக்காது, முக்கோண ஸ்கேல் இருக்கும்.

ஒருநாள் ஆபீசுக்குப் புது பீரோ வந்தது. நான்கு பேர் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிறோம். எதிரிலேயே மூலை காலியாகக் கிடக்கிறது. அண்ணனோ, "கொஞ்சம் பொறுங்க, பிளான்ல எடமிருக்குதான்னு பாத்துப்போட்டு வாரனுங்க" என்று உள்ளே போய்விட்டார். மகளுக்கு வரன் பார்க்கக் கருமத்தம்பட்டி போனவர், மாப்பிள்ளை போட்டோவைத் தள்ளி வைத்துவிட்டு வீட்டு பிளானைக் கேட்டாராம். அந்தச் சம்பந்தமும் கூடிவந்தது என்பதுதான் ஆச்சரியம்.

அம்மா இடுப்பெலும்பு முறிந்து வீல்சேருக்கு வந்த சமயம், வாடகைக்கு ஒரு ஃபிளாட் பார்த்தேன். பாத்ரூம் கதவில் வீல்சேர் நுழையுமா என்பதுதான் ஒரே கவலை. நேரில் போய் டேப் பிடித்தால் போச்சு என்பீர்கள். ஸ்கேல் அண்ணனோடு வேலை பார்த்தால் அந்தப் புத்தி போய்விடும். ஓனர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிளானை பிரிண்ட் எடுத்து அண்ணன் முன் வைத்தேன்.

கீழே 'ஒன்றுக்கு நூறு' என்று போட்டிருந்தது. ஸ்கேலை வைத்தார், நூறால் பெருக்கினார், ஒவ்வொரு கதவுக்கும் அளவு குறித்தார். முகம் வாடிவிட்டது.

"ஒன்னேகா அடிதானுங்க. பூனை போலாமுங்க, அம்மா போக முடியாதுங்க."

வீட்டில் சொன்னேன். "பாத்ரூம் போவ முடியாத ஊட்டுக்கு நா எதுக்கு கண்ணு? வெள்ளகோயல்ல உங்கக்கா ஊட்லயே இருந்துக்கறேன்" என்றார் அம்மா.

என் மனைவி அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாள். "ஏனுங்க, வாசக்கதவு ஒன்னேமுக்கா அடின்னு போட்டிருக்குதுங்க. அப்பறம் போன வாரம் நீங்க எப்படிங்க உள்ள போனீங்க?" என் தொந்தியைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டாள்.

அப்போதுதான் உறைத்தது. பெரிய தாளில் போட்ட படம், நான் எடுத்த சின்னத் தாளில் பாதியாகச் சுருங்கியிருக்கிறது. 'ஒன்றுக்கு நூறு' மட்டும் சுருங்காமல் அப்படியே நின்றிருக்கிறது. போனில் சொன்னதும் அண்ணன் வாய்விட்டு இரண்டால் பெருக்கினார். பிறகு, "அப்ப ரெண்டரை அடிங்க. போகுமுங்க" என்றார்.

மறுநாள் ஃபிளாட் வாசலில் வந்து நின்றார். அம்மாவின் வீல்சேரைக் கொண்டுவரச் சொல்லி, அதில் தானே ஏறி உட்கார்ந்தார். "தள்ளுங்க." தள்ளினேன். திறந்திருந்த பாத்ரூம் கதவில் அவர் முழங்கை உரசியது.

"கதவக் கழட்டி வெளிப்பக்கம் தொறக்கற மாதிரி மாட்டிப்போடலாமுங்க. இன்னொருக்கா தள்ளுங்க."

"கணக்குதான் சரியாயிருச்சேங்கண்ணா?"

"அம்மா போற கதவுங்க. காயிதத்த நம்பி உட முடியுங்களா?"

முழங்காலை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த மனிதர் மேல் எனக்கு அப்படி ஒரு பாசம் பொங்கியது. அன்றைக்கு அவர் எத்தனை முறை சொல்லியிருந்தாலும் தள்ளியிருப்பேன்.