கசிவுத் தடுப்புப் பிரிவுக்குச் சொந்தமான கல்

மனித நாகரிகம் பல கற்களுக்குக் கடன்பட்டிருக்கிறது. கோட்டைக் கல், பாலத்துக் கல், எல்லைக் கல் என்று. ஆனால் ஓர் அலுவலகத்தையே ஒரே குடும்பமாக்கிய பெருமை, தென்கொரியாவில் எங்கள் தேகு நகரத்தில் பியோ என்பவரின் வலது சிறுநீரகத்தில் இருந்த கல்லுக்குத்தான் உரியது. சரியாகச் சொல்வதானால் அது கல்கூட இல்லை. அதிர்வலையால் உடைத்த பிறகு உள்ளே மிஞ்சிய சில துகள்கள். மகத்தான காரியங்களுக்கு அதுவே போதும்.

பியோ வேலை பார்த்தது சோற்றுக் குக்கர் மூடிக்கு ரப்பர் வளையம் செய்யும் நிறுவனத்தில், கசிவுத் தடுப்புப் பிரிவில். கல்லை உடைத்த டாக்டரம்மா தெளிவாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

"தண்ணியை நல்லா குடிங்க. ஒண்ணுக்குப் போறதையெல்லாம் இந்தச் சல்லடையில வடிகட்டிப் பாருங்க. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ஸ்கேனுக்கு வந்தே ஆகணும். வலி நின்னுட்டா குணமாயிடுச்சுன்னு நினைச்சுக்காதீங்க. துகள் வழியை அடைச்சுக்கிட்டா, சத்தம் போடாமலே சிறுநீரகத்தைக் கெடுத்துடும்."

ஆக, பியோவுக்குத் தேவைப்பட்டது வெள்ளிக்கிழமை மாலை அனுமதி ஒன்றுதான். பிரிவுத் தலைவர் மேங்கின் மேசைக்கு முன்னால் போய்க் குனிந்து நின்றார். வாழ்நாள் முழுவதும் எதையும் எங்கும் கசியவிடாமல் அடைத்தே பெயர் வாங்கிய மனிதர் மேங். ஒன்றை வெளியேற்றுவதற்கு அவரைவிடப் பொருத்தமான ஆலோசகர் கிடைப்பாரா?

"கல்லா? ஏன்டா எங்கிட்ட முதல்லயே சொல்லல?"

"சின்னத் துகள்தான் சார். வெள்ளிக்கிழமை கொஞ்சம் சீக்கிரம் கிளம்பினா..."

"இரு. இவ்வளவு நாள் தனியாவா சுமந்துகிட்டுத் திரிஞ்ச?" மேங்கின் கண் கலங்கிவிட்டது. "இனிமே அது உன் கல்லு இல்ல பியோ. நம்ம கல்லு."

எங்கள் பக்கத்தில் வீட்டையும் மனைவியையும்கூட 'நம்ம' என்றுதான் சொல்வோம். கல்லை மட்டும் விட்டுவைப்பானேன்?

அன்றே 'துகள் வெளியேற்ற நடவடிக்கை'க்கு அவசரக் கூட்டம் கூடியது. கயிறு தாண்டினால் கல் இறங்கும் என்றார் ஒருவர். பியர் குடித்தால் அடித்துக்கொண்டு போகும் என்றார் இன்னொருவர். தீர ஆலோசித்து இரண்டையும் ஒருமனதாக ஏற்றார்கள். பியோவின் பக்கத்து இருக்கைக்காரி ஓக் மட்டும் மெதுவாகக் கேட்டாள்.

"டாக்டர் பியர் குடிக்கச் சொன்னாங்களா சார்?"

"டாக்டருக்குக் கல்லைப் பத்தித் தெரியும்மா. பியோவைப் பத்தி என்ன தெரியும்?" என்றார் மேங். உடனே கூட்டக் குறிப்பில் 'ஐயம் நீங்கியது' என்று பதிவானது.

நடவடிக்கைக்கு நாள் குறித்தார்கள். வெள்ளிக்கிழமை, மாலை நான்கு மணி.

பியோ எழுந்தார். "சார், அன்னிக்கு நாலு மணிக்குத்தான் ஸ்கேன்..."

"ஸ்கேன் எதுக்கு? கல்லைப் பாக்க. கல்லே இல்லாம பண்ணிட்டா எதைப் பாப்பாங்க?" மேங் அவர் தோளைத் தட்டினார். "உனக்காகத்தானடா இத்தனை பேரும் வராங்க. நீ இல்லாம நடத்தினா நல்லாவா இருக்கும்?"

பியோ உட்கார்ந்துவிட்டார். தன் பெயரில் நடக்கும் விழாவுக்குத் தானே வராமல் இருக்க, அவர் அவ்வளவு நன்றி கெட்டவர் அல்ல.

வெள்ளிக்கிழமை மொட்டை மாடியில், கழுத்துப்பட்டை முகத்தில் அடிக்க அடிக்க, பியோ கயிறு தாண்டினார். பிரிவே சுற்றி நின்று கை தட்டியது.

"குதிகால்ல இறங்குடா. பூ மாதிரி இறங்கினா எப்படி விழும்?"

"விலா வலிக்குது சார்."

"வலிச்சா நகருதுன்னு அர்த்தம்."

பிறகு கடைக்குப் போனார்கள். கருவாட்டுக் குழம்பு, பியர், பியரில் கலக்க சோஜு என்கிற எங்கள் ஊர்ச் சாராயம். தலைவர் ஊற்றினால் மறுக்க முடியாது. பெரியவர் முன்னால் குடிக்கும் முறைப்படி பியோ முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு குடித்தார். அந்தப் பக்கம் சுவர்க் கடிகாரம் இருந்தது. ஆஸ்பத்திரி மூடியிருக்கும்.

எத்தனையாவது கோப்பையிலோ, திடீரென்று வலி நின்றது.

"என்னடா, முகம் மாறுது?"

"வலி... இல்ல சார்."

மேசை அதிர்ந்தது. மேங் எழுந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஓக் மட்டும் குனிந்து கேட்டாள். "சல்லடையில ஏதாவது வந்துச்சாண்ணே?"

"ஒண்ணும் வரலம்மா."

"அப்ப எங்க போச்சு?"

பியோவுக்கும் அதுதான் தெரியவில்லை. சத்தம் போடாமலே கெடுக்கும் என்று டாக்டரம்மா சொன்னது நினைவுக்கு வந்தது.

திங்கட்கிழமை மறுபடி அனுமதி கேட்டார். மேங்குக்குக் கோபம் வரவில்லை, மனம்தான் புண்பட்டது.

"முடிஞ்சுபோன வேலையைத் திரும்பத் தோண்டுறியே. வெற்றின்னு தலைமை அலுவலகத்துக்கு எழுதிட்டேன். 'சிறந்த குழு ஒற்றுமை'க்கு நம்ம பேர் போயிருக்கு. நீ போய் ஸ்கேன் எடுத்தா, எங்களை நம்பலன்னு ஆகாதா?"

"காய்ச்சல் அடிக்குது சார்."

"அது சந்தோஷத்துல வர்ற களைப்பு."

விருது வந்த அன்று எல்லோரும் படம் எடுத்துக்கொள்ள வரிசையில் நின்றார்கள். நடுவில் நிற்க வேண்டிய பியோ, தலைவர் கிளம்பும் முன் தான் கிளம்பியதே இல்லாத அந்த மனிதர், நடுங்கிக்கொண்டே பையை எடுத்துக்கொண்டு மாடிப்படி இறங்கிப் போய்விட்டார். 'ஒற்றுமைக்கு இப்படியொரு துரோகமா' என்று பிரிவு இன்றும் வருந்துகிறது.

டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"துகள் குழாய்ல சிக்கி நிக்குது. சிறுநீரகம் வீங்கிடுச்சு, கிருமி வேற. இன்னிக்கே டியூப் போட்டாகணும். எவ்வளவு மிச்சம் தேறும்னு அப்புறம்தான் சொல்ல முடியும். அன்னிக்கு வந்திருந்தா ஒரு மாத்திரையில முடிஞ்சிருக்கும்."

பியோ சட்டைக் கையை மடித்துவிட்டார். நர்ஸ் கையில் ஊசி குத்தினாள். மயக்க மருந்து கொடுக்கும் முன் வழக்கமாகக் கேட்பதை டாக்டரம்மா கேட்டார்.

"சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, வேற ஏதாவது தொந்தரவு உண்டா?"

"அதெல்லாம் இல்ல டாக்டர்," என்றார் பியோ. "ஆபீஸ் ஒண்ணுதான்."