நாலு டம்ளரும் ஒரு போர்ப்படமும்

எந்தக் கருவியையும் பொருத்தி ஓடவிட எனக்குத் தெரியும். ஆட்களை வரவழைக்க மட்டும் தெரியாது. செல்போன் டவர் பராமரிப்பு வேலைக்கென்று மலைமேல் இருக்கும் வாசலூர்பட்டிக்கு வந்து ஏழு மாதம் ஆகியும், என் வாடகை வீட்டு வாசலில் என் செருப்பைத் தவிர வேறு செருப்பு கிடந்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து ஆபீஸ் தோழிகள் மூன்று பேரைப் படம் பார்க்க அழைத்தேன். போரிலிருந்து திரும்பிய சிப்பாய் ஒருவனின் மனச்சிதைவைக் கனவுபோலச் சொல்லும் படம். சுவர் மூச்சுவிடும், கூரையிலிருந்து பூட்ஸ் மழை பெய்யும். வீட்டுக்காரரான பாப்பாயி அக்கா பக்கத்து வீட்டிலேயே இருந்தார். அவரைக் கூப்பிடவில்லை. (அவருக்கு எங்கே புரியப்போகிறது என்ற படித்த திமிர்.)

பட்டியல் போட்டேன்: புரொஜெக்டர், வெள்ளை வேட்டி, பெரிய ஸ்பீக்கர், யுபிஎஸ், பொரி, நாலு டம்ளர் டீ. கடைசி டிக் போட்டபோது போன் வந்தது. மலையெல்லாம் பனிமூட்டமாம், வரமாட்டார்களாம். (பட்டியலில் 'ஆட்கள்' என்றொரு வரி எழுதியிருக்க வேண்டும்.)

தனியாகவே படத்தைப் போட்டேன். அறை வெறிச்சென்று இருந்ததால் சத்தத்தை முழுதாக வைத்தேன். பத்தாவது நிமிடம் துப்பாக்கிச் சண்டை.

இந்த ஊரில் மரவள்ளிக் காட்டுக்குள் பன்றி இறங்கினால் வெடி போடுவார்கள். பனிமூடிய நாளில் பன்றி பகலிலும் இறங்கும். வெடி கேட்டவர்கள் கையில் கிடைத்ததைத் தட்டிக்கொண்டு ஓடிவர வேண்டும். ஸ்பீக்கரைத் திருகியபோது இது எனக்கு நினைவில்லை.

கதவு படாரென்று திறந்தது. தகரத்தோடு பாப்பாயி அக்கா, பின்னால் தடிகளோடு பத்துப் பதினைந்து பேர்.

"எங்க கண்ணு பன்னி?"

"பன்னி இல்லீங்கக்கா... படம்."

"படத்துக்கா இப்படி மூச்சிரைக்க ஓடியாந்தோம்?" என்றார் அவர் கணவர்.

வீட்டைக் காலி செய்யச் சொல்லப்போகிறார்கள். மனதுக்குள் அடுத்த பட்டியல் ஓடியது: பெட்டி, பாய், ஸ்டவ்.

ஆனால் யாரும் நகரவில்லை. வேட்டித் திரையில் சிப்பாய், ஆளில்லாத வீட்டில் வரிசையாகத் தட்டு வைத்துக்கொண்டிருந்தான்.

"யாருக்கு வெக்கிறான்?"

"செத்துப்போன கூட்டாளிகளுக்குங்கக்கா. அதாவது, உளவியல்படி..."

அக்கா என் விளக்கத்தைக் கேட்கவில்லை. பாலாடை படிந்த நாலு டம்ளரையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒத்தை ஆளு இருக்கற ஊட்டுல நாலு டம்ளரு எதுக்கு சாமி?"

அவர் தகரத்தைக் கீழே வைத்தார். ஒரு டம்ளரை எடுத்து ஒரே மடக்காகக் குடித்தார்.

"ஆறிப்போச்சு. எல்லாத்துக்கும் வேற வெய்யி."

தடிகளை மூலையில் சாத்திவிட்டு எல்லாரும் உட்கார்ந்தார்கள். டீ போடப் போகிற சாக்கில் வாசலுக்குப் போய், குவிந்து கிடந்த செருப்புகளை எண்ணிப் பார்த்தேன்.

இன்றைக்கும் என் குக்கர் விசில் கொஞ்சம் பலமாக அடித்தால் போதும், வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும்: "ஏனுங்க எஞ்சினியரம்மா, பன்னியா, படமா?"

மனசு சரியில்லாத நாட்களில், "பன்னிதானுங்கக்கா" என்பேன்.

தகரத்தைக்கூட எடுக்காமல் கிளம்பி வந்துவிடுவார்.