முன் அனுமதி பெறாமல் கத்திய பசு

பசு கத்துவது பசுவுக்கும் அதை வளர்ப்பவருக்கும் இடையிலான சொந்த விஷயம் என்று நெடுங்காலமாக ஒரு தவறான எண்ணம் நிலவி வந்தது. அது நிர்வாகம் தலையிட வேண்டிய விஷயம் என்பது, பால்காரம்மாவின் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் 'பசுமைப் பேரமைதி' என்ற குடியிருப்பு எழும்பிய பிறகுதான் தெரிய வந்தது.

பால்காரம்மாவுக்கும் அவள் கணவருக்கும் இருந்தது ஒரே கறவை. சாதாரண நாளில் வாயைத் திறக்காது. அதனால் ஊமைச்சி என்று பெயர். பருவத்துக்கு வரும் நாளில் மட்டும் அதுவரை சேர்த்து வைத்ததையெல்லாம் கத்தித் தீர்க்கும். மற்ற மாடுகள் காட்டுகிற வேறு எந்த அடையாளமும் காட்டாது. காலையில் கத்தினால் சாயங்காலத்துக்குள் சினை ஊசி போட்டாக வேண்டும். விட்டால் மறுபடி மூன்று வாரம் காத்திருக்க வேண்டும்.

ஏற்கெனவே இரண்டு தடவை தப்பிவிட்டது. இரண்டு தடவையும் ஊசிக்காரர் பயிற்சி வகுப்புக்குப் போயிருந்தார். வகுப்பின் பொருள், 'காலந்தவறாமை'.

மடி வற்றிக்கொண்டே வந்தது. "இந்தத் தடவையும் தப்பினா தரகன்கிட்ட பிடிச்சுக் குடுக்க வேண்டியதுதான்," என்றார் கணவர். தரகர் ஓட்டிப் போகும் மாடுகள் எங்கே போகின்றன என்று யாரும் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதுதான் மரியாதை.

அன்று விடிந்ததும் ஊமைச்சி கத்தியது. பால்காரம்மா கால்நடை அலுவலகத்துக்குப் போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருப்பின் செயலாளர் ஓசைக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் போன் செய்தார். உடனே எடுத்தார்கள். பால்காரம்மா சாணி அள்ளி முடிப்பதற்குள் ஓசை அலுவலர் கையில் அளவுக்கருவியோடு வந்து நின்றார். கூடவே செயலாளரும்.

"இயற்கையோட இருக்கணும்னுதான் சார் ஊருக்கு வெளியே வீடு வாங்கினோம். இயற்கை இவ்வளவு சத்தம் போடும்னு ஒருத்தரும் சொல்லல," என்றார் செயலாளர். ஆதாரத்துக்காக ஊமைச்சியின் குரலைக் கைபேசியில் பதிவு செய்து வைத்திருந்தார். நல்ல தெளிவான பதிவு.

அலுவலர் கருவியை ஊமைச்சியின் வாய்க்கு நேராகப் பிடித்தார். ஊமைச்சி அதை நக்கிப் பார்த்துவிட்டு மறுபடி கத்தியது.

"எதுக்குக் கத்துது?"

பால்காரம்மா கணவரைப் பார்த்தாள். கணவர் கூரையைப் பார்த்தார்.

"அது... ஒண்ணு வேணும்னு கத்துதுங்க," என்றாள்.

"தீவனமா?"

"இல்லீங்க."

"தண்ணியா?"

"அதுவும் இல்லீங்க. ஊசி போடணும்."

"உடம்பு சரியில்லையா?"

"உடம்பு நல்லாத்தாங்க இருக்கு. அதான் பிரச்சினையே," என்றார் கணவர், கூரையிடம்.

அலுவலர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். ஓசை நான்கு வகைப்படும்: இயந்திரம், வாகனம், ஒலிபெருக்கி, முழக்கம். அவர் ஊமைச்சியை ஒரு சுற்று சுற்றி வந்தார். இயந்திரம் எதுவும் தென்படவில்லை. சக்கரம் இல்லை. மின் இணைப்பும் இல்லை.

"ஒரு கோரிக்கையை வெச்சு, அது நிறைவேறுற வரைக்கும் விடாம குரல் எழுப்புது. சரியா?"

"சரிங்க."

"அப்போ இது கோரிக்கை முழக்கம். ஒரு வாரத்துக்கு முன்னாடியே அனுமதி வாங்கியிருக்கணும்."

"ஒரு வாரத்துக்கு முன்னாடி அதுக்கே தெரியாதுங்களே!"

"எல்லாரும் இதைத்தான்மா சொல்றாங்க."

"கலைச்சு விடுங்க சார்," என்றார் செயலாளர்.

அலுவலர் நேர்மையானவர். முழக்கமிடுபவரைக் கலைப்பதற்கு முன்னால், சம்பந்தப்பட்ட துறையினர் அன்று மாலைக்குள் நேரில் வந்து பேச்சுவார்த்தை நடத்த வேண்டும் என்று விதி இருந்தது.

"இதுக்குச் சம்பந்தப்பட்ட துறை எது?"

"கால்நடைத் துறைங்க!" என்றார்கள் கணவனும் மனைவியும் ஒரே மூச்சில்.

வெயில் சாய்வதற்குள் ஊசிக்காரர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "என்னம்மா பேசணும்? பேச்சுவார்த்தைன்னு உத்தரவு வந்திருக்கு."

"நீங்க ஒண்ணும் பேச வேணாம்ண்ணே. ஊசியைப் போடுங்க."

போட்டார். அடுத்த நாள் ஊமைச்சி வாயை மூடிக்கொண்டது. அலுவலர் எழுதிக்கொண்டார்: 'பேச்சுவார்த்தை சுமுகமாக முடிந்தது. முழக்கம் கைவிடப்பட்டது.'

ஊமைச்சிக்குச் சினை பிடித்தது. இப்போது தொல்லை குடியிருப்புக்கு வந்தது. வீடு பார்க்க வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். "கிராமத்துச் சூழல்னு விளம்பரத்துல போட்டிருக்கீங்க. ஒரு மாடுகூடக் கத்தலையே?" அந்த வருஷம் அதுதான் மோஸ்தர்: விடிந்ததும் புல்லில் வெறுங்காலோடு நின்று, கண்ணை மூடி, நாட்டுப்புற ஓசைகளைக் கேட்டபடி மூச்சை எண்ண வேண்டும். மன இறுக்கம் தளருமாம்.

செயலாளர் கம்பத்துக்கு ஒன்றாக ஒலிபெருக்கி கட்டினார். ஒலிபரப்ப அவரிடம் இருந்தது ஒரே பதிவுதான். பால்காரம்மாவிடம் சம்மதம் கேட்க இனிப்புப் பெட்டியோடு வந்தார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பால் வாங்க வந்தவர்களிடமெல்லாம், "எங்க ஊமைச்சி குரல்தான்," என்று சொல்லி மாய்ந்தாள்.

தினம் ஆறரை மணிக்கு ஊமைச்சி துணை கேட்டுக் கதறியது. புல்லில் நின்றவர்கள் உருகினார்கள்.

"என்ன ஒரு சாந்தம்!" என்றாள் ஒரு பெண்மணி. "தாய்மையோட குரல் இல்ல?"

சுவருக்கு இந்தப் பக்கம் கணவர் துண்டை வாயில் வைத்து அடைத்துக்கொண்டார்.

ஓசை அலுவலர் வந்து அளந்தார். பசு போட்டதைவிடப் பல மடங்கு இருந்தது. ஆனால் ஒலிபெருக்கிக்கு முறைப்படி அனுமதி வாங்கியிருந்தார்கள். "அனுமதி இருக்கு. அதனால இது சத்தம் இல்ல," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஊமைச்சி கன்று ஈன்றது. கன்று வைக்கோல் கடிக்கத் தொடங்கியது. பால் குறைந்தது. அடுத்த சினைக்கு நேரம் வந்து, நேரம் கடந்தும் போனது. கடைசியில் ஒரு நாள் காலையில் தரகர் வந்தார். முன்னறையில் உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார்கள்.

"நல்ல மாடாச்சே. ஊசி போடலையா?" என்றார் தரகர்.

"எப்படிப் போடுறது? கன்னு போட்டதுலேருந்து ஒரு தடவைகூடக் கத்தல. நாங்களும் காதைத் தீட்டிக்கிட்டுத்தான் உக்காந்திருக்கோம்," என்றார் கணவர்.

அப்போது வீட்டின் பின்புறமிருந்து ஒரு கத்தல் எழுந்தது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. தரகர் காப்பியைப் பாதியில் நிறுத்தினார். மாட்டோடு மாடாகப் புழங்கிய காது அவருடையது.

"இது?"

பால்காரம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி எட்டாகியிருந்தது.

"அது குடியிருப்புக்காரங்க போடுற ரெக்கார்டுங்க. இன்னைக்கு லேட்டாயிடுச்சு போல."

"கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு," என்றார் கணவர்.

மறுபடியும் ஒரு கத்தல், முன்னைவிட நீளமாக. தரகர் இருவர் முகத்தையும் ஒருமுறை பார்த்தார். பிறகு மிச்சக் காப்பியை ஒரே மடக்கில் குடித்தார்.

"ஆமாமா, ரெக்கார்டுதான். நல்ல தெளிவா இருக்கு," என்று கயிற்றை எடுத்துக்கொண்டு எழுந்தார். "நீங்க ரெண்டு பேரும் கொட்டகைக்கு வர வேணாம்மா. வளர்த்த மாட்டைப் பிரியறது லேசுப்பட்ட காரியமா? நானே அவிழ்த்துக்கறேன்."

"இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுஷர்," என்று பால்காரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பின்னால் ஊமைச்சி விடாமல் கத்திக்கொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம், காலையில் தூங்கிப்போனவர்கள் அவசர அவசரமாகச் செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் இறங்கி, கண்ணை மூடி, மூச்சை எண்ணத் தொடங்கினார்கள்.