எதிர்த்தையல் கைதியின் வாக்குமூலம்

பங்குனி மாதம் இரண்டாம் தேதி, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு நான் ஒரு சபதம் செய்தேன். என் வீட்டு ஹாலை மீட்டே தீருவது! சபதம் செய்த இடம், என் வீட்டுப் புறவாசலில் கிடக்கிற துவைகல். அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தேன். ஹாலில் எனக்கு இடமில்லை. பங்குனி வெயிலில் கரிசல் மண்ணே வாய் பிளந்து கிடக்கிறபோது துவைகல் எப்படிக் கொதித்திருக்கும், அதன் மேல் உட்கார்ந்தவன் எப்படிக் கொதித்திருப்பான் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் பரமசிவம். கோவில்பட்டியில் ஒரு நூல் மில்லில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்து, மேஸ்திரியாக எண்பத்திரண்டு தை மாதம் ரிட்டையர் ஆனவன். ஷிப்ட் மாற்றி ஷிப்ட் போனதில், என் மனைவி ஆவுடைத்தாயோடு ஒரு முழுச் சாயங்காலம் உட்கார்ந்து பேசினது கிடையாது. நான் எழுந்தால் அவள் தூங்குவாள். அவள் எழுந்தால் நான் தூங்குவேன். இதற்கு நடுவில் இரண்டு பெண்கள் பிறந்து, வளர்ந்து, கல்யாணமாகிப் போனது எப்படி என்று எனக்கே இன்னும் சரியாக விளங்கவில்லை.

ரிட்டையர் ஆன அன்று மில்லில் மாலை போட்டார்கள். மாலையோடு நேரே கடைக்குப் போய் இரண்டு பிரம்பு நாற்காலி வாங்கினேன். ஒன்று எனக்கு, ஒன்று ஆவுடைக்கு. தினமும் மூன்று மணிக்கு ஹாலில் எதிர் எதிரே உட்காருவது. காபி, காராச்சேவு, சிலோன் ரேடியோ. விட்டுப்போன முப்பத்து நாலு வருஷப் பேச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசித் தீர்ப்பது. இதுதான் என் திட்டம். நாற்காலிகளைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு ராஜா மாதிரி வந்து பார்க்கிறேன், ஹால் நிறையப் பெண்கள்!

"ஏட்டி, யாரு இவ்வளவு பேரும்?"

"நம்ம தெருதான். பதினோரு வருசமா தெனமும் மூணு மணிக்கு வருதாக."

"பதினோரு வருசமா? நான் பாத்ததே இல்லியே!"

"எப்படிப் பாப்பிய? பகல் ஷிப்டுன்னா மில்லுல இருப்பிய. ராத்திரி ஷிப்டுன்னா உள் ரூம்புல கொறட்ட விடுவிய. அந்தத் தாளத்துக்குத்தான் நாங்க ஊசி போடுவோம்."

அத்தனை பேரும் சிரித்தார்கள். நான் மாலையைக் கழற்றினேன்.

அவர்கள் தைப்பது ஒட்டுப் போர்வை. பழைய நூல்சேலையை நாலு மடிப்பாக விரித்து, மேலே கலர் கலராக வெட்டுத்துணியைச் சதுரம் சதுரமாக வைத்து, நெருக்கமாக ஓட்டுத்தையல் போடுவது. டெய்லர் வேல்சாமி வெட்டுத்துணியை மூட்டையாகக் கட்டிச் சும்மாவே கொடுத்துவிடுவான். அவன் பெண்டாட்டி பிள்ளை பெற்றபோது இவர்கள் போர்வை கொடுத்தார்களாம். ஒன்றைக்கூட விற்கிறது கிடையாது. பிரசவித்தவளுக்கு ஒன்று. படுக்கையில் விழுந்த கிழவருக்கு ஒன்று. கூரை எரிந்த குடும்பத்துக்கு ஆளுக்கு ஒன்று. தீப்பெட்டி ஆபீஸில் கட்டையில் குச்சி அடுக்குகிற பெண்ணுக்குக் கல்யாணம் என்றால், மாப்பிள்ளை வீடு அசந்துபோகிற மாதிரி மயில்கழுத்து நிறத்தில் ஒன்று. தெருவில் எல்லாருக்கும் போர்வை உண்டு. ஒட்டுப் போர்வையில் எனக்கு மட்டும்தான் ஓட்டு இல்லை.

நல்ல காரியம்தான். நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எனக்குப் பொறாமை, ஐயா. வெட்கத்தை விட்டுச் சொல்லுகிறேன். ஊரில் பிள்ளை பெற்றவளுக்கெல்லாம் ஊசி பிடிக்கிற என் பெண்டாட்டிக்கு, என் முகம் பார்த்துப் பேசப் பத்து நிமிடம் இல்லை. நாற்காலிகள் என்ன ஆயின என்கிறீர்களா? ஒன்றில் வெட்டுத்துணி மூட்டை உட்கார்ந்திருந்தது. இன்னொன்றில் சுப்புத்தாய் அக்கா உட்கார்ந்திருந்தாள். கூட்டத்துக்கு அவள்தான் தலைவி. அறுபத்தைந்து வயது, மூக்குப்பொடி, ஜட்ஜ் குரல்.

இரண்டு மாதம் பொறுத்தேன். பிறகுதான் அந்தத் துவைகல் சபதம்.

மில்லில் நாலு பேர் கூடி நின்றால் எப்படிக் கலைப்பது என்று ஒரு மேஸ்திரிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இவனைப் பற்றி அவனிடம், அவனைப் பற்றி இவனிடம். தீர்ந்தது. ஆண்பிள்ளைகளையே கலைத்த எனக்கு இந்தப் பெண்பிள்ளைகள் எம்மாத்திரம்?

மறுநாள் காலையில் குழாயடியில் அடுத்த வீட்டுக் கிருஷ்ணவேணி குடத்தோடு நின்றாள்.

"தங்கச்சி, சொன்னா மனசுல வச்சுக்கிடக் கூடாது."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"உன் தையல் எரும நடந்த மாதிரி இருக்காம். ஆவுடை சொல்லுதா."

"மதினியா? மதினியா சொன்னாக?"

"நான் சொன்னேன்னு சொல்லிராத."

"நான் ஏன் அண்ணாச்சி சொல்லுதேன்?"

குடம் நிரம்பி வழிந்தது. அவள் கண்ணும்தான். எனக்கு ஒரு நிமிடம் பாவமாக இருந்தது. துவைகல்லை நினைத்துக்கொண்டேன். பாவம் போய்விட்டது.

மூன்று மணிக்குக் கூட்டம் கூடாது என்று நம்பி, காபிக்குத் தயாராகத் தலை சீவிக்கொண்டு வந்தேன். இரண்டு மணிக்கே ஹால் நிறைந்திருந்தது! நடுவில் ஒரு பெரிய போர்வை. இந்த முனையில் ஆவுடை, அந்த முனையில் கிருஷ்ணவேணி. இரண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னக்கா இது?" என்று சுப்புத்தாயிடம் கேட்டேன்.

"எதிர்த்தையல். இங்கன ரெண்டு பேருக்குள்ள மனத்தாங்கல்னா அதுதான் சட்டம். ஒரே போர்வ. ஆளுக்கு ஒரு முனையில இருந்து தச்சுக்கிட்டே வரணும். ரெண்டு தையலும் நடுவுல வந்து சேருத வரைக்கும் ஒரு மணி முன்னால வரணும், ஒரு மணி பிந்திப் போவணும்."

"சண்டை போட்டவுக வீட்டுக்குல்லா போவாக?"

"போனா போர்வைய யாருப்பா தைக்கது?"

புத்தியுள்ளவன் அந்த இடத்தில் நிறுத்தியிருப்பான். நான் யோசித்தேன். ஹாலில் ஒரு எதிர்த்தையலுக்குத்தான் இடம். இரண்டாவது சண்டை வந்தால்? வேறு வீடு பார்த்துத்தானே ஆக வேண்டும்! அன்று சாயங்காலமே வெயிலம்மாளைப் பிடித்தேன். கூட்டத்தில் வாயே திறக்காத பெண். 'நீ கூட்டத்து நூலை வீட்டுக்குக் கொண்டுபோகிறாயாம், சுப்புத்தாய் அக்கா சொல்லுகிறாள்' என்றேன். அப்படியே சுப்புத்தாய் வீட்டுக்குப் போய், 'உன் பொடி போர்வையில் கொட்டிப் பச்சைப்பிள்ளைகள் எல்லாம் தும்முகிறதாம், வெயிலம்மாள் சொல்லுகிறாள்' என்றேன்.

இரண்டாவது எதிர்த்தையல் மறுநாளே ஆரம்பித்தது. வேறு வீட்டில் இல்லை, என் உள் ரூமில். என் கட்டிலைத் தூக்கிப் புறவாசலில் நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

ஆக ஹாலை மீட்கப் போன நான், ரூமையும் இழந்தேன். பகல் தூக்கம் போயிற்று. இரண்டு மணியிலிருந்து ஏழு மணி வரை துவைகல். சேவு அவர்களுக்கு. சேவு வாங்கப் போவது நான். காபியில் எனக்கு வந்தது கடைசி வடிகட்டல்.

ஐந்தாம் நாள் உள்ளே திடீரென்று சத்தம் அடங்கியது. எட்டிப் பார்த்தேன். ஆவுடையின் தையலும் கிருஷ்ணவேணியின் தையலும் நடுவுக்கு வந்துவிட்டிருந்தன. இரண்டு தலையும் முட்டிக்கொள்கிற நெருக்கம். அவ்வளவு கிட்டத்தில் உட்கார்ந்துகொண்டு எத்தனை நேரம்தான் பேசாமல் இருக்க முடியும்? கிருஷ்ணவேணி ஏதோ கேட்டாள். ஆவுடை ஊசியைக் கீழே வைத்தாள். உள் ரூமில் இருந்தும் இரண்டு பேர் எழுந்து வந்தார்கள்.

"பரமசிவம், உள்ள வா" என்றாள் சுப்புத்தாய். ரிட்டையர் ஆன பிறகு என்னை ஹாலுக்குள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"வெயிலம்மா நூலத் திருடுதான்னு நான் சொன்னனாக்கும்?"

"அது வந்துக்கா..."

"பிள்ளைக தும்முதுன்னு இவ சொன்னாளாக்கும்?"

"ஒரு பேச்சுக்கு..."

"பேச்சுக்கு ஒன் நாக்கத் தைக்கணும்."

வெயிலம்மாள் அன்றைக்குத்தான் வாய் திறந்தாள். "பதினோரு வருசத்துல ஒரு முழம் நூலு எடுத்ததில்ல அண்ணாச்சி. நாலு நாளா எனக்குச் சோறு எறங்கல."

எனக்குச் சுருக்கென்றது. நிஜமாகவே தலை குனிந்தேன். அந்த ஹாலில் பொய் சொன்னவன் நான் ஒருவன்தான்.

சுப்புத்தாய் பொடியை இழுத்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள். "எங்க நாலு பேருக்குள்ள சண்டையே இல்ல. சண்ட எல்லாம் ஒனக்கும் எங்களுக்கும்தான். கிருஷ்ணவேணி, வெயிலம்மா, நானு, ஆவுடை. வரிசையா நாலு எதிர்த்தையல். ஆம்பளைன்னு விலக்குக் கெடையாது."

நாலாவது பெயர் காதில் விழுந்ததும் என் குனிந்த தலை நிமிர்ந்தது. ஆவுடையும் நானும் எதிர் எதிரே! தினம் ஐந்து மணி நேரம்! முனையிலிருந்து நடு வரைக்கும், தலை முட்டுகிற வரைக்கும்! பிரம்பு நாற்காலி என்ன பிரம்பு நாற்காலி!

"சரிக்கா. எப்பம் ஆரம்பிக்கணும்?" என்றேன். அவசரப்பட்டுவிட்டேன் போலிருக்கிறது. ஆவுடை என்னை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு குனிந்து நூலைக் கோத்தாள்.

கிருஷ்ணவேணியோடு ஒன்பது நாள். என் பத்து விரலிலும் ஊசி ஏறி இறங்கியது. வெயிலம்மாளோடு பன்னிரண்டு நாள். நடுவுக்கு வந்ததும் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க அண்ணாச்சி" என்று சொல்லி, நான் கோணலாகப் போட்ட நாலு வரிசையை அவளே பிரித்துத் தைத்துக் கொடுத்தாள். அந்தப் போர்வை கழுகுமலைப் பக்கம் தலைப்பிரசவம் ஆன ஒரு பெண்ணுக்குப் போயிற்று. சுப்புத்தாயோடு இருபத்தொரு நாள். நான் தைப்பேன், அவள் பிரிப்பாள். ஒரு முழம் முன்னால் போனால் முக்கால் முழம் பின்னால் வருவேன். எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு தைத்தேன். எல்லாம் அந்த நாலாவது போர்வைக்காக.

அந்த நாளும் வந்தது. குளித்து, சலவை வேட்டி கட்டி, மூன்று நாள் தாடியை வழித்துக்கொண்டு இரண்டு மணிக்கே ஹாலுக்குப் போனேன்.

"ஆவுடை, போர்வைய விரி."

"எதுக்கு?"

"எதிர்த்தையல். நம்ம முறை."

"மனத்தாங்கல் இருக்கவுகதான எதிர்த்தையல் போடணும்" என்றாள் அவள், ரொம்ப சாவதானமாக. "எனக்கு இவிய மேல ஒரு கோவமும் இல்லியே அக்கா."

"இல்லியா?" என்றாள் சுப்புத்தாய்.

"எப்படி இல்லாம இருக்கும்?" என்று கத்தினேன். "நீ சொல்லாதத சொன்னதா நான் ஊரு பூராச் சொல்லியிருக்கேன்!"

"சரி, போகட்டும்" என்றாள் ஆவுடை.

"அப்பம் வழக்கு முடிஞ்சுபோச்சு" என்றாள் சுப்புத்தாய். "பரமசிவம், நீ போலாம்."

விடுதலை! எங்கே போவது? துவைகல்லுக்குத்தான்.

அன்றிலிருந்து நான் சண்டைக்கு அலைகிறேன். ரசத்தில் உப்பில்லை என்றேன். "ஆமா, இல்ல" என்று போட்டாள். உன் போர்வையெல்லாம் கந்தல் என்றேன். "கந்தல்லதான தைக்கோம்" என்றாள். கடைசி அஸ்திரம் அவள் தம்பி சங்கரபாண்டி. அவனை ஒரு வார்த்தை சொன்னால் முன்னெல்லாம் வீடு இரண்டு படும். உன் தம்பி ஒரு உதவாக்கரை என்றேன். "இம்புட்டு நாள் கழிச்சாவது கண்டுபிடிச்சியளே" என்று சொல்லிவிட்டு முருங்கைக்கீரை உருவினாள்.

நேற்றுக் காலை அடுப்படியில் போய் நின்று கேட்டே விட்டேன்.

"ஏட்டி, என் மேல ஒரு தடவ கோவப்படேன்."

"எதுக்கு?"

"எதிர உக்காரலாமே."

அவள் ஆய்ந்துகொண்டிருந்த கீரையைக் கீழே வைத்தாள். "கோவம் அப்பம் நெறைய இருந்துச்சு. மூத்தவளுக்குக் காய்ச்சல் வந்தப்பம் நீங்க ஷிப்ட்டு. எளையவளப் பொண்ணு பாக்க வந்தப்பம் நீங்க ஷிப்ட்டு. எதிர ஆளு இல்லாம யாருகிட்டக் கோவப்பட? சுப்புத்தாய் அக்காதான் கையில ஊசியக் குடுத்தா. பதினோரு வருசம் அம்புட்டையும் தச்சுத் தச்சு ஊராருக்குக் குடுத்துட்டேன். இப்பம் கைவசம் இல்ல."

முழுக்கக் கேட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

அதனால்தான் இந்த வாக்குமூலத்தை எழுதினேன். அவளைப் பற்றி இத்தனையும் பத்திரிகைக்கு எழுதினால், அதற்காகவாவது கோபப்பட மாட்டாளா என்று ஒரு நப்பாசை. நீங்கள் படிக்கிறது நான் மறுபடி உட்கார்ந்து எழுதின பிரதி. முதல் பிரதியை அவளிடம்தான் கொடுத்தேன். ஒரு வரி விடாமல் படித்தாள். "எல்லாம் உள்ளபடியே எழுதியிருக்கிய" என்று சொல்லி, தாளை நாலாக மடித்து, அதில் ஊசிகளைக் குத்தி எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டாள்.